கயிறு கடித்த கிணறு

தாரண வருஷம் தை மாதத்தில், அதாவது 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விழுப்புரத்தில் ஒரு வீடு வாங்கினேன். அதற்கு முன் திண்டிவனம் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மாற்றலாகி விழுப்புரம் வந்து ஒழுகும் வாடகை வீட்டில் இரண்டு மழைக்காலங்களைக் கழித்தபின், சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் என் மனைவிக்கும் உறுதிப்பட்டுவிட்டது. எதையும் தேதியோடு நினைவு வைத்துக்கொள்வது என் தொழில் தந்த பழக்கம். ஆனால் இந்த வீட்டு விஷயத்தில் தேதிகளைவிட மாதங்களே முக்கியம். பங்குனியும் சித்திரையும் இல்லாவிட்டால் சொல்வதற்கே ஒன்றும் இருந்திராது.

வீட்டை விற்றவர் ரயில் நிலையத்தில் தந்தி அடிப்பவர். முப்பதைத் தாண்டியவர், தாயாரோடு இருந்தார். ஜங்ஷனில் அவர் கைவேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். வீட்டைக் காட்டும்போது அவர் சுவரையோ உத்தரத்தையோ காட்டவில்லை. விளக்குகளைத்தான் காட்டினார்.

“கரண்டு கம்பெனிக்காரன் வாசல்ல மீட்டரை மாட்டிட்டுப் போனதோட சரி. உள்ளே இருக்கறது பூரா என் கை வேலை சார்” என்றார்.

ஊருக்கு மின்சாரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தத் தெருவில் மூன்று நான்கு வீடுகளில்தான் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு சுவிட்சின் கீழும் அவர் கறுப்புச் சாயத்தில் அழகாக எழுதி வைத்திருந்தார்: கூடம், அடுக்களை, சாமி மாடம், கிணறு. கூடத்து சுவிட்சைப் போட்டால் சாமி மாடத்து விளக்கும் சேர்ந்து எரிந்தது. அதுவும் அவர் திட்டமிட்டுச் செய்ததுதானாம். எனக்கு ஒன்றும் தெரியாத துறை அது. தலையாட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

கொல்லையில் நல்ல கிணறு. இரண்டு செங்கல் தூண்களுக்குக் குறுக்கே, ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைப் போட்டு, அதில் இரும்பு ராட்டினத்தைத் தொங்கவிட்டிருந்தார். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பல்பு. அடுக்களைச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டியதும் அது பளிச்சென்று எரிந்தது.

“கோடையில வெளிச்சம் கொஞ்சம் குறையும். கம்பெனிக்காரன் அப்ப கரண்டைக் குறைச்சிட்றான். மழை வந்தா சரியாயிடும்” என்றார்.

அவர் தாயார் அடுக்களை வாசற்படியைத் தாண்டிக் கிணற்றடிக்கு வரவில்லை. அதை நான் கவனித்தேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

குடிபோன அன்று பால் காய்ச்சி முடித்ததும் எதிர்வீட்டு அம்மாள் வந்தாள். ஒரு வாய் பால் குடித்துவிட்டு, என் மனைவியை அடுக்களைப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனாள். கூடத்தில் இருந்த எனக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

“விசாரிக்காமயே வாங்கிட்டீங்களா? பொழுது சாஞ்சா அந்தக் கிணத்தாண்ட போவாதம்மா. தந்திக்காரரு பொண்டாட்டிய அதான் புடிச்சிக்கிச்சி.”

“எது புடிச்சிது?”

“எதுன்னு பேரச் சொல்வாங்களா? பங்குனி பொறந்தா போதும். வெளக்கு வெச்சதும் தண்ணி சேந்தப் போவும். கொஞ்ச நேரத்துல கயித்த வுட்டுட்டு அலறிக்கினு ஓடியாரும். இன்னாடி ஆச்சுன்னா, கயிறு கடிக்குதுன்னு சொல்லும். கயிறு கடிக்குமா? நீயே சொல்லு.”

“பாம்பு கீம்பு சுத்திக்கினு இருந்திருக்கும்.”

“புருசங்காரன் உடனே போய் அதே கயித்த இழுத்துப் பாத்தாரு. ஒரு வாட்டி இல்ல, பத்து வாட்டி. தெருவே பாத்துக்கினு நின்னுது. ஒண்ணுமே இல்ல. அவர வுட்டுட்டு அவளமட்டும் கடிக்கறதுக்குக் கயித்துக்கு இன்னா, கண்ணா இருக்குது?”

மீதியையும் அவள் வாயிலிருந்தே அறிந்தோம். அந்தப் பெண்ணைப் பேய் ஓட்டுவதற்காக மலையனூர்க் கோயிலுக்கு மூன்று அமாவாசை அழைத்துப் போனார்கள். மழைக்காலத்தில் குணமானது போல இருந்தது. அடுத்த பங்குனியில் மறுபடியும் கயிறு கடித்தது. போன பேய் திரும்பி வந்துவிட்டது என்று மாமியார் முடிவு கட்டி, 1943-ஆம் ஆண்டு சித்திரையில் அவளைத் திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். இப்போது தந்திக்காரருக்கு ஒலக்கூர்ப் பக்கத்தில் வேறு பெண் நிச்சயமாகி, வைகாசியில் கல்யாணம். பேய் இருக்கிற வீட்டுக்குப் பெண் தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னதால்தான் வீட்டை விற்றுவிட்டு ஸ்டேஷன் பக்கம் வாடகைக்குப் போயிருக்கிறார்கள்.

எதிர்வீட்டு அம்மாள் போனபின் என் மனைவி பால் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். அவளும் திண்டிவனத்துக்காரி. பிறகு, “ஏரிக்கரைத் தெருப் பொண்ணுதான் அது. கோயில்ல பாத்திருக்கேன். நல்லாத்தான் இருந்தா” என்றாள். சற்றுப் பொறுத்து, “வீட்ட வாங்கிட்டோம். இனிமே பேசி இன்னா ஆவப்போவுது” என்று முடித்தாள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. வாசகசாலையில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து அந்த அவநம்பிக்கையை வளர்த்துக்கொண்டவன் நான். ஆகவே மாசி முழுவதும் பொழுது சாய்ந்தபின் வேண்டுமென்றே கிணற்றடிக்குப் போய் நின்று வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவியும் பயம் தெளிந்து மாலையில் தண்ணீர் சேந்த ஆரம்பித்தாள்.

பங்குனி பிறந்தது. அந்த வருஷம் வெயில் முன்னதாகவே ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. தந்திக்காரர் சொன்னபடியே கிணற்றடி விளக்கு மங்கலாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் கொல்லையில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மனைவி வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு துவைகல்லின் அருகில் நின்றிருந்தாள். அலறவில்லை.

“இன்னா ஆச்சு?”

அவள் எதிர்வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக, “சொன்னா நீங்களும் என்னக் கொண்டுபோய் திண்டிவனத்துல வுட்டுடுவீங்களா?” என்று கேட்டாள்.

அதைக் கேட்டபிறகுதான் அந்த இன்னொரு பெண்ணின் நிலை எனக்கு உறைத்தது. அதுவரை அவள் எனக்கு ஓர் ஊர்க்கதையாகத்தான் இருந்தாள்.

நான் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தேன். வாளி தண்ணீரோடு மேலே வந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க குறடு போட்டுக்கினு நிக்கிறீங்க” என்றாள்.

கொல்லைக்குப் போகும்போது மரக்குறடு போட்டுக்கொள்வது எங்கள் வீட்டு ஆண்களின் வழக்கம். தந்திக்காரரும் அப்படித்தான். வீட்டைக் காட்ட வந்தபோதே அவர் குறடு சிமெண்டுத் தரையில் டக்டக்கென்று கேட்டது. பெண்கள் எதையும் போடுவதில்லை. மாமியாருக்கு முன்னால் ஒரு மருமகள் காலில் எதையாவது மாட்டிக்கொண்டு நடக்க முடியுமா? குறட்டைக் கழற்றிவிட்டு, தண்ணீர் சிந்தி ஈரமாகக் கிடந்த கல்லில் வெறுங்காலோடு நின்று, நனைந்த கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கையில் சுருக்கென்று பாய்ந்து முழங்கைவரை ஏறியது. கயிறு தானாகவே கையை விட்டுப் போயிற்று. கடிக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு சொல் கிடையாது.

பிறகு சில நாட்கள் இருவரும் சேர்ந்து கவனித்தோம். காலையில் கடிக்கவில்லை. ஒரு மாலை தெரு முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று, அன்றும் கடிக்கவில்லை. “வெளக்கு எரிஞ்சாத்தான் கடிக்குது” என்றாள் அவள். மறுநாள் காலை சுவிட்சை அணைத்துவிட்டு ஏணி போட்டு ஏறி, கம்பியை அடுக்களைச் சுவரிலிருந்து கிணறுவரை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் இரண்டு கம்பிகள் ஜோடியாகப் போயின. கிணற்றுக்கு மட்டும் ஒன்றே ஒன்றுதான் போயிற்று. பல்பின் மறு முனையிலிருந்து ஒரு சிறு துண்டுக் கம்பி புறப்பட்டுத் தண்டவாளத்தில் சுற்றப்பட்டிருந்தது. தண்டவாளத்திலிருந்து இன்னொரு கம்பி கிணற்றுக்குள் இறங்கியது. அதன் நுனியில் ஒரு இரும்புக் கட்டி. அது தண்ணீருக்குமேல் ஓர் ஆள் உயரத்தில், கசிவு ஈரமிருந்த கிணற்றுச் சுவரில் உரசியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்கெரிய இரண்டு கம்பி வேண்டும் என்ற அளவுக்கு நான் படித்திருந்தேன். இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை. அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய்த் தந்திக்காரரைப் பார்த்தேன். வேலை முடிந்து மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“கிணத்து விளக்குக்கு ரெண்டாவது கம்பி எங்க சார் போவுது?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நெடுநாள் காத்திருந்தவர் போல இருந்தது.

“கண்டுபுடிச்சிட்டீங்களா! அதான் சார் தந்தி வித்தை. இங்கேர்ந்து மெட்ராசுக்கு அடிக்கிறோமே, எத்தனை கம்பின்னு நெனைக்கிறீங்க? ஒண்ணே ஒண்ணு. திரும்பிப் போறதுக்குக் கம்பி எதுக்கு? பூமி இருக்குதே! சண்டை வந்து கம்பி கெடைக்காத காலம். கையில இருந்தது கிணறு வரைக்கும் ஒரு வரிசைக்குத்தான் பத்திச்சு. மறு கம்பிக்கு பூமியக் கட்டிட்டேன். தண்டவாளத்துல கொடுத்து, அதுலேர்ந்து கிணத்துத் தண்ணியில எறக்கியிருக்கேன். எரியுதா இல்லையா?”

“எரியுது. ஆனா இப்ப உங்க இரும்பு தண்ணியில இல்ல சார். தண்ணி கீழ போயிடுச்சு.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மின்சாரம் எங்கே போகும், வழி அடைபட்டால் எங்கே தேங்கும் என்பதெல்லாம் நாள்தோறும் அவர் கை பழகிய விஷயம். ஈரச்சுவர் வழியாகக் கொஞ்சம் கசிந்து விளக்கை மங்கலாக எரிப்பது போக, மீதி தண்ணீரில் இறங்கமுடியாமல் தண்டவாளத்தில் நின்று, ராட்டினத்துக்கு வந்து, நனைந்த கயிற்றின் வழியாக ஈரத்தரையில் நிற்கிறவர் உடம்பில் இறங்கும். இதெல்லாம் அவர் மனத்தில் ஒவ்வொன்றாக ஓடியதை நான் அவர் முகத்தில் கண்டேன்.

“தந்திக்கு இருக்கற கரண்டு வேற, விளக்குக்கு இருக்கறது வேற” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். உடனே, “ஆனா நான் இழுத்துப் பாத்தேனே சார். பத்து வாட்டி இழுத்துப் பாத்தேனே” என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது.

“குறடு போட்டுக்கினு” என்றேன்.

அவர் என்னோடு வீட்டுக்கு வந்தார். பொழுது சாய்ந்திருந்தது. செருப்பை அடுக்களை வாசலில் விட்டுவிட்டு, சுவிட்சைத் தாமே போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய், ஈரக்கல்லில் நின்று, ஒரு வாளி சேந்திக் கயிற்றை நனைத்தார். மறு வாளிக்குக் கயிற்றை இழுத்தபோது அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். கயிற்றை விட்டுவிட்டார். வாளி கிணற்றில் விழுந்தது. பிறகு மறுபடியும் பிடித்தார். மறுபடியும் விட்டார். மூன்றாவது முறை பிடிக்கப் போனபோது என் மனைவி சுவிட்சை அணைத்துவிட்டாள்.

“போதுங்க. எதுக்கு மறுபடி மறுபடி?” என்றாள்.

அவர் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டார். “அந்தத் தண்டவாளத்தைத் தொட்டிருந்தா செத்திருப்பா” என்றார். கம்பியை அறுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “வேணாம் சார். அவ பாக்கட்டும். அதுவரைக்கும் யாரும் அந்த சுவிட்சத் தொடவேணாம்” என்றார்.

சித்திரையில் பார்த்திப வருஷம் பிறந்தபின் வந்த முதல் ஞாயிறு, அவரும் நாங்கள் இருவரும் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினோம். மயிலம் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே தந்திக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரைத் தெருவில் அண்ணன் வீட்டு வாசலில் சாக்கு விரித்து மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள் அவள். மெலிந்து, வயது கூடித் தெரிந்தாள். அண்ணனுடைய சிறு குழந்தை தவழ்ந்து அவள் பக்கம் வந்தது. உள்ளிருந்து அண்ணன் மனைவி விரைந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழகிப்போனது என்று தெரிந்தது.

புருஷனைக் கண்டதும் எழுந்து நின்றாள். அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். “வாங்க மாப்ள. ரெண்டு வருசம் கழிச்சி வழி தெரிஞ்சிதா? கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தீங்களா?” என்றார்.

தந்திக்காரர் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒற்றைக் கம்பி, தண்டவாளம், கோடையில் இறங்கிய தண்ணீர், குறடு. தடுமாறாமல், தம் பேச்சில் தம்மை எங்கும் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை.

“உங்களையும் கடிச்சிதா?” என்று கேட்டாள்.

“கடிச்சிது.”

“எங்க?”

அவர் உள்ளங்கையைக் காட்டி, முழங்கைவரை விரலால் கோடு இழுத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வேற ஒண்ணுமே சொல்லலியே. கயிறு கடிக்குதுன்னு மட்டுந்தான சொன்னேன். பேயின்னு சொன்னது யாரு? நீங்க ரயிலாபீசுல தந்தி அடிக்கிறவரு. கயித்தப் பத்தி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களா? உன் பேரு இன்னான்னு கேக்கச் சொல்லி பூசாரிகிட்ட இட்டுக்கினு போனீங்க.”

தந்திக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “வீட்டுக்கு வா. அந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிட்றேன்” என்றார்.

“எப்படி வர்றது? பேய் எறங்கிடுச்சின்னு சொல்லி இட்டுக்கினு போவீங்களா? எனக்கு ஏறவே இல்லியே.”

அண்ணன் இடையில் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையமர்த்தினாள். “தெருவே பாக்க இழுத்துக் காட்டுனீங்க, ஒண்ணுமே இல்லன்னு. அதே மாதிரி தெருவே பாக்க இழுங்க. உங்கம்மாவும் பாக்கட்டும். அப்புறம் யோசிக்கலாம்” என்றாள்.

எனக்கு அது சம்மதமில்லை. ஆபத்தான விஷயம், வேடிக்கை காட்டுவதற்கு உரியது அல்ல என்று ரயிலில் திரும்பும்போது சொன்னேன். அவர், “நான் பண்ணினது சார்” என்றார்.

சித்திரை முடியும் தறுவாயில் ஒரு மாலை அது நடந்தது. எதிர்வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னது போதுமானதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் எங்கள் கொல்லை முழுக்கப் பெண்கள். அண்ணனோடு வந்திருந்த அவள் அடுக்களை வாசலில் நின்றாள். அவளைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருந்தது. தந்திக்காரரின் தாயார் வெள்ளைப்புடவையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகளைப் பார்க்காமல், சுவரோரம் நின்றார்.

“இன்னாடி நடக்கப்போவுது? பேயாட்டமா?”

“பூசாரியக் காணமே.”

“கோர்ட்டு ஐயாதான் பூசாரி போலக்குது” என்று யாரோ சொல்ல, அடக்கிய சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

நான் முதலில் தண்டவாளத்தை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, எல்லோரையும் பின்னுக்கு நகர்த்தினேன். தந்திக்காரர் குறடு போட்டுக்கொண்டு வந்தார். விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கல்லில் ஏறி நின்று கயிற்றை இழுத்தார். வாளி வந்தது. “பாத்தீங்களா? இதைத்தான் அன்னிக்கும் காட்டினேன்” என்றார். பிறகு குறட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாளித் தண்ணீரைக் காலடியில் கொட்டினார். வெறுங்காலோடு கயிற்றைப் பிடித்தார்.

உடம்பு உதறியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் இல்லாத சத்தம். கயிறு கையை விட்டுப் பாய, ராட்டினம் கடகடவென்று சுழன்றது. அவர் இரண்டடி பின்னால் தள்ளாடி விழப்போனார்.

“ஐயோ, எம்புள்ளையையும் புடிச்சிக்கிச்சே!” என்று அலறிக்கொண்டு தாயார் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். பெண்கள் கூட்டம் வாசலை நோக்கிக் கலைய ஆரம்பித்தது. ஒரு நொடியில் எல்லாம் தலைகீழாகப் போகிறது, இனி பேய் இரண்டு பேருக்கு என்று ஆகிவிடும் என்று நான் நடுங்கினேன்.

அப்போது கிணற்றடி இருண்டது. தந்திக்காரர் மனைவிதான் சுவிட்சை அணைத்திருந்தாள். இருட்டில் யாரும் நகரவில்லை. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அவள் வெறுங்காலோடு நடந்து வந்து, ஈரக்கல்லில் ஏறி, கயிற்றைப் பிடித்தாள். நிதானமாக, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். வாளி மேலே வந்தது. தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாள். மறுபடியும் சேந்தினாள். குடம் நிறையும்வரை சேந்தினாள். ராட்டினத்தின் கிறீச்சென்ற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

“அத்த, இங்க வாங்க. வந்து புடிங்க. இப்ப கடிக்காது” என்றாள்.

தாயார் மகனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். தயங்கித் தயங்கிப் போய் அந்த அம்மாள் கயிற்றைத் தொட்டார். பிறகு இறுகப் பிடித்தார். விட்டுவிட்டுத் தம் உள்ளங்கையை அந்த மங்கிய வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப நீ சொன்னது நெசந்தானா?”

“நெசந்தான் அத்த. முதல் நாள்லேர்ந்து அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்.”

அந்த அம்மாள் மருமகளின் கையைப் பிடிக்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அங்கேயே, அவள் அருகில், நின்றுகொண்டிருந்தார். நான் ஏணியை எடுத்துவந்தேன். தந்திக்காரர் மீட்டரண்டை போய் மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு வந்து, ஏறி, அந்த ஒற்றைக் கம்பியைத் தம் கையாலேயே அவிழ்த்தார். அறுக்கவில்லை. சுருள் சுருளாகச் சுற்றி எடுத்துக் கீழே வைத்தார்.

ஒலக்கூர் சம்பந்தம் நின்றுபோயிற்று. பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள், அது நியாயம்தான். ஆனால் தந்திக்காரர் மனைவி விழுப்புரத்துக்கு வரவில்லை. காரணம் எதிர்வீட்டு அம்மாளின் வாய் வழியாகவே எங்களுக்குக் கிடைத்தது. கம்பியை அவிழ்த்த மறுவாரம் அந்த அம்மாள் என் மனைவியிடம், “எப்படியோ, கம்பிய எடுத்தாங்க, அதும் கூடவே போயிடுச்சி. நல்லதாப் போச்சி” என்றாளாம். எது போயிற்று என்று என் மனைவி கேட்டாள். “அதான்” என்றாளாம். தெருவில் பாதிப் பேர் கண்ணால் கண்டதை நம்பினார்கள். மீதிப் பேர் பேய் கம்பி வழியாக இறங்கிப் போனதாக நம்பினார்கள். இது திண்டிவனத்தில் இருந்தவள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

தந்திக்காரர் மேலிடத்துக்கு மனு மேல் மனுவாகப் போட்டு, அந்த ஆண்டு ஐப்பசியில் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சிறிய ஸ்டேஷன், ஜங்ஷனில் இருந்தவருக்கு அது இறக்கம்தான். தாயாரையும் உடன் அழைத்துப் போனார். கார்த்திகைக்கு முன் அவள் அண்ணன் வீட்டிலிருந்து அங்கே குடிவந்துவிட்டதாக அண்ணன் கோர்ட்டுக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டு வயர்களையெல்லாம் நான் முறைப்படி உரிமம் பெற்ற ஆளை வைத்து மாற்றினேன். கிணற்றடிக்கு மட்டும் விளக்கு வைக்கவில்லை. “அரிக்கேன் போதும்” என்று என் மனைவி சொல்லிவிட்டாள். “கிணறு” என்று எழுதிய இடத்தில் சுவிட்சைக் கழற்றியபின்னும் எழுத்து அப்படியே இருந்தது. சுண்ணாம்பு அடிக்கிறவனிடம் அதன்மேல் அடிக்காதே என்று அவள்தான் சொன்னாள்.

1948-ஆம் ஆண்டு பங்குனியில் ஓர் உறவினர் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தபோது அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவள் மடியில் ஒரு பெண் குழந்தை. அண்ணனின் குழந்தையும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தது. அதுவும் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் மனைவி எனக்குக் கண்ணால் காட்டினாள். பேச்சு மழை, அரிசி, ரேஷன் என்று போயிற்று. கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் மின்சாரம் இல்லை.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. அவள் மாடத்து அகலை ஏற்றிவிட்டு, குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, குடத்தை எடுக்க எழுந்தாள். அதற்குள் தந்திக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். கொல்லை வாசலில் குறட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போனார். ராட்டினச் சத்தம் கேட்டது. அவள் கொல்லைப் பக்கம் திரும்பாமல், அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நின்றபிறகுதான் உலையில் அரிசியைப் போட்டாள்.